ஜோடி சரியாக இருந்தது

ஓலக்காட்டுப்புதூர் பள்ளிக்கூடத்திலிருந்து மிருகக்காட்சிசாலை பார்க்கப் போன பஸ் சாயங்காலம் ஊர் திரும்பியபோது, மூன்றாம் வகுப்புக் கோபிகா உட்கார்ந்திருக்க வேண்டிய ஜன்னலோர இடத்தில் ஒரு கரடிக்குட்டி உட்கார்ந்திருந்தது. மற்றபடி எல்லாம் சரியாக இருந்தது. புளிசாதம் கொண்டுபோன தூக்குப்போசிகள் சரியாகத் திரும்பி வந்திருந்தன, தண்ணீர் பாட்டில்களும் வந்திருந்தன, வாந்திக்கென்று எடுத்துப்போன எலுமிச்சம்பழம்கூட எல்லார் மூக்கையும் சுற்றிவிட்டுக் கசங்கிப்போய் வந்து சேர்ந்திருந்தது. கரடிக்குட்டியின் கழுத்தில் கோபிகாவின் அடையாள அட்டை தொங்கியது, காதோரத்து முடியில் கோபிகாவின் சிவப்பு ரிப்பன் முடிச்சுப் பிரியாமல் இருந்தது, மடியில் கோபிகாவின் பையை யாரும் பிடுங்கிக்கொள்ளாதபடி இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தது. பஸ் நின்றதும் எல்லாக் குழந்தைகளோடும் வரிசையில் இறங்கியது. படி உயரமாக இருந்ததால் டிரைவர் கைகொடுத்து இறக்கிவிட்டார்.

எப்படி மாறியது, யார் மாற்றியது, சுவர் ஏறியதா, சுவர் இறங்கியதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டவர்கள் யாரும் அதனால் ஒரு பிள்ளையை மீட்டுவிடவில்லை. பஸ் எப்படிக் கிளம்பியது என்பதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் எங்கே போனாலும் ஜோடிதான். தடுப்பூசிக்குப் போனாலும், தேர்தல் விழிப்புணர்வு ஊர்வலம் போனாலும், பின்னால் இருக்கிற கக்கூஸுக்குப் போனாலும் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துப் போக வேண்டும். இது தலைமையாசிரியை சம்பூரணம் டீச்சர் போட்ட சட்டம். குழந்தைகளின் தலையை எண்ணினால் தலைகள் ஓடுகின்றன, குனிகின்றன, இரண்டு தரம் வந்து நிற்கின்றன; கையோடு கை கோத்துவிட்டால் கை எங்கே ஓடும் என்பது அவர் கணக்கு. கிளம்பும் நேரத்தில் அவர் விசிலை ஊதி "ஜோடி?" என்று கூவுவார். ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்திலிருக்கிற பிள்ளையின் கையைத் தூக்கிப் பிடித்து "ஜோடி இருக்கு, டீச்சர்!" என்று கத்த வேண்டும். கத்தல் எங்கேயும் ஓட்டையில்லாமல் வந்தால் வண்டி கிளம்பும். அன்றைக்கும் விசில் ஊதப்பட்டது, கோபிகாவின் ஜோடியான ரித்திகா தன் கையில் இருந்த கையைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள், ஜோடி சரியாக இருந்தது, வண்டி கிளம்பியது.

கோபிகாவின் அம்மா தவமணி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவள். கம்பிக்கூண்டு வரிசைகளுக்கு நடுவே நாளெல்லாம் நடந்து, சேலையில் கோழி நாற்றமும் தவிட்டு நாற்றமுமாக நேரே பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்திருந்தாள். இறங்கின பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கரடிக்குட்டியைப் பார்த்தாள். ஆச்சரியப்படுவதற்கெல்லாம் அவளுக்கு நேரமில்லை. பஸ்ஸுக்குள் ஏறி, சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

"டீச்சர், இது எம்புள்ள இல்லீங்க."

"என்ன தவமணி இப்படிச் சொல்ற? அட்டையப் பாரு. கோபிகா, தகப்பன் பேரு சென்னியப்பன், மூணாம் வகுப்பு."

"அட்டை எம்புள்ளதுதானுங்க. கழுத்துதான் வேற."

சம்பூரணம் டீச்சர் கெட்டவர் இல்லை. அவர் முகத்தில் அப்போதே ரத்தம் வற்றிப்போயிருந்தது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், ஒரு பிள்ளையைக்கூடத் தொலைத்ததில்லை என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவர், இப்போது தொலைத்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தார், ஆனால் வெளியே வந்தது வேறு.

"ஜோடி கேட்டேன் தவமணி. எல்லாரும் இருக்குன்னு சொன்னாங்க. நீயே கேளு."

பிள்ளைகள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். கரடிக்குட்டியும் ஆட்டியது. பிறகு அது தவமணி அருகில் வந்து அவள் சேலையை மோந்தது, வெயில் இறங்கின நேரத்துக் குளிரில் அதன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது, யாரும் கேட்காமலே அவள் கையில் தன் கையை வைத்துக்கொண்டது. பிள்ளையை இழந்தவளின் கையில் இன்னொரு பிள்ளையின் கை வந்து விழுந்தால் அதை உதறுகிற பலம் எந்தக் கைக்கு இருக்கிறது? கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அதற்கு ராகிக்கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றும் தின்னாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். மலையடிவாரத்தில் பஸ்கள் நிற்கிற மைதானத்தை ஒட்டியே கரடிப் பள்ளம். உள்ளே நாலு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் சுவர், வெளியே இடுப்பளவு, நடுவில் பாறையும் ஒரு பட்டுப்போன மரமும். சுவரோரம் எட்டிப் பார்த்தாள். பாறை நிழலில் ஒரு கிழட்டுப் பெண்கரடி நடந்துகொண்டிருந்தது. அதன் முதுகில், கரடிக்குட்டிகள் தாயின் முதுகு முடியைப் பிடித்துக்கொண்டு சவாரி போகுமே அந்த மாதிரி, பள்ளிக்கூடத்துச் சீருடையில் கோபிகா படுத்திருந்தாள்.

"கண்ணு!"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்ததும் பயந்துபோன முகத்தோடு, "அம்மா, நாந்தான் ஜோடிய உட்டுட்டேன். டீச்சர் அடிப்பாங்களா?" என்று கேட்டாள்.

"அடிக்கமாட்டாங்க சாமி. ஆரும் அடிக்கமாட்டாங்க. அம்மா வந்துட்டேன்."

வந்துவிட்டாள், ஆனால் சுவர் இருந்தது. அதற்குமேல் அலுவலகம் இருந்தது. அலுவலகத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு மிருகங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிற கல்வி அலுவலர் ஜெபக்குமார் இருந்தார். நல்ல பையன், சிரித்த முகம், கையில் எப்போதும் ஒரு சின்ன மைக். அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

"அம்மா, எங்க பள்ளத்துல ஒரு தாய்க்கரடி, ஒரு குட்டி. வெளியே பலகையில அப்படித்தான் போட்டிருக்கோம். உள்ளே இருக்கறதும் அப்படித்தான்."

"குட்டி எங்க ஊட்டுல இருக்குதுங்க சார். பள்ளத்துல இருக்கறது எம்பொண்ணு. அதுக்குக் கரடி மாதிரியா இருக்குது மூஞ்சி?"

"மூஞ்சியை வெச்சு நாங்க சொல்றதில்லைம்மா. மேல் வரிசையில முன்பல் ரெண்டும் இருக்கா, பாத்தீங்களா? இல்ல. கரடிக்கு அந்த ரெண்டு பல்லும் இருக்காது, கரையானை உறிஞ்சித் தின்னறதுக்கு வசதியா. நான் பிள்ளைங்களுக்கு முதல்ல சொல்றதே அதுதான்."

"ஐயோ சார், அது பால்பல்லுங்க! போன மாசந்தான் விழுந்துச்சு. கூரை மேல வீசினதே நாந்தான்."

ஜெபக்குமார் யோசித்தார். அவருக்கும் மனசு உருகத்தான் செய்தது. "அப்ப பல் முளைக்கட்டும்மா. முளைச்சா நாங்களே பேசுவோம். இப்ப இருக்கற நிலைமையில ஒரு மிருகத்தை வெளியே அனுப்பணும்னா இன்னொரு மிருகக்காட்சிசாலை கேட்கணும். நீங்க மிருகக்காட்சிசாலையா?"

தவமணி போலீஸுக்குப் போனாள். சப்-இன்ஸ்பெக்டர் முழுதாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, புள்ள எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுதா?" என்றார். தெரியுமுங்க என்றாள். "அப்ப அது காணாமப் போகல. காணாமப் போகாத புள்ளய நான் எப்படிம்மா தேடறது?" என்றார். அவர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் ஒருத்தர் சொன்னதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் தவமணியைக் கொன்றது.

கரடிக்குட்டியையே தூக்கிக்கொண்டும் ஒருநாள் போய்ப் பார்த்தாள். வாசல் காவலாளி மறித்தார். "மிருகமா இருந்தா வெளியிலேருந்து உள்ள விடமாட்டோம், சீக்கு பரவும். புள்ளையா இருந்தா கழுத்துல பள்ளிக்கூட அட்டை இருக்குது, டீச்சரோட வரணும். எதுன்னு நீயே முடிவு பண்ணிக்கிட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். குட்டி திரும்பிவரும் வழியெல்லாம் பஸ்ஸின் பின்கண்ணாடி வழியே அந்த மலையைப் பார்த்துக்கொண்டே ஒரு மாதிரி முனகியது. அது முனகியதைக் கேட்ட அன்றைக்குத்தான் தவமணிக்குத் தெரிந்தது, வீட்டில் பிள்ளையைத் தேடி ஏங்குகிறவள் தான் ஒருத்தி மட்டும் இல்லை, தாயைத் தேடி ஏங்குகிறது ஒன்றும் அதே பாயில் படுத்திருக்கிறது என்று.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? ஊர் பழகிக்கொண்டது. ஊர் எதற்குத்தான் பழகவில்லை, ஆற்றில் தண்ணீர் வராததற்குப் பழகியது, வந்தால் நுரையோடு வருவதற்குப் பழகியது, ஒரு கரடிக்குப் பழகாதா? முதல் வாரம் பக்கத்தில் உட்கார மறுத்த பிள்ளைகள் இரண்டாம் வாரம் அதன் பக்கத்தில் உட்கார அடித்துக்கொண்டார்கள். சத்துணவு ஆயா, கோபிகா முட்டையைத் தொடாமல் வைப்பாள், இப்போது ஓட்டோடு தின்கிறது, தேவலை, உடம்பு தேறியிருக்கிறது என்றாள். விளையாட்டு வாத்தியார் அதைக் கபடி அணியில் சேர்த்து, பிடித்தால் விடாத ஆள் என்று வட்டார அளவில் ஒரு கோப்பையும் வாங்கி வந்தார். படிப்பில் மட்டம்தான், ஆனால் கோபிகாவும் அப்படி ஒன்றும் கெட்டி இல்லையே என்று வகுப்பாசிரியை சொன்னார். மாரியம்மன் நோன்பியில் முளைப்பாரி தூக்கியது. பண்ணையில் கூட வேலைசெய்கிற பெண்கள் தவமணியைச் சுற்றி உட்கார்ந்து ஆறுதல் சொன்னார்கள்.

"விடு தவமணி. புள்ளைக வளர வளர மாறத்தான் செய்யும். எம்மவனப் பாரு, காலேஜுக்குப் போயிட்டு வந்தான், பெத்த எனக்கே அடையாளம் தெரியல."

"உனக்காச்சும் சொன்ன பேச்சுக் கேக்குது. முடிதான் கொஞ்சம் ஜாஸ்தி. மஞ்சள் பூசிக் குளிப்பாட்டு."

கோபிகாவின் அப்பா சென்னியப்பன் போர்வெல் வண்டியில் வேலைக்குப் போனவன், மத்தியப்பிரதேசத்தில் எங்கேயோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தான். தவமணி எல்லாவற்றையும் அழுதுகொண்டே போனில் சொன்னாள், இரைச்சலில் அவனுக்குப் பாதி கேட்டது. வீடியோவில் காட்டச் சொன்னான். காட்டினாள். கரடிக்குட்டி போனை நக்கியது.

"அட, அப்பனுக்கு முத்தம் குடுக்குது பாரு! கறுத்துட்டா. வெயில்ல விடாத புள்ள" என்றான் சென்னியப்பன். பிறகு சிக்னல் போய்விட்டது.

ஒருநாள் கரடிக்குட்டியைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரும்போது தவமணி ரித்திகாவை வழியில் பிடித்துக்கொண்டாள். மிரட்டவில்லை, குந்தி உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராக முகம் வைத்துக் கேட்டாள்.

"நெசமாலுமே உனக்குத் தெரியலயா கண்ணு? கை மாறினது தெரியலயா?"

"தெரிஞ்சுது அத்தை. நகமெல்லாம் நீட்டமா இருந்துது."

"பொறவு ஏஞ்சாமி சொல்லல?"

"டீச்சர் ஜோடி இருக்குதான்னுதானே அத்தை கேட்டாங்க. ஆருன்னு கேக்கலயே" என்றாள் ரித்திகா. சொல்லிவிட்டு அவளும் அழுதாள், தவமணியும் அழுதாள், நடுவில் நின்ற கரடிக்குட்டி இரண்டு பேர் கன்னத்தையும் மாற்றி மாற்றி மோந்தது.

வாராவாரம் பண்ணைக்கு விடுமுறை கிடைக்கிற நாளில் தவமணி பள்ளத்துச் சுவரோரம் போய் நின்றாள். பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள். கோபிகா வாயைத் திறந்து காட்டுவாள். ஈறு வழுவழுவென்று இருந்தது. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம், கோபிகாவுக்குப் பிறகு பல் விழுந்தவர்களுக்குக்கூட, அரிசிமணி மாதிரி வெள்ளையாக எட்டிப் பார்த்துவிட்டது. அந்த ஈறில் ஒன்றும் எட்டிப் பார்க்கவில்லை. பதிலுக்குப் புறங்கையில் முடி வந்தது. நகம் வளைந்தது. சீருடை கிழிந்து போனது, அது கோபிகாவுக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பள்ளத்தைச் சுற்றிக் கூடுகிற நேரம்தான் பார்க்கச் சகிக்காது. ஜெபக்குமார் மைக்கில், "குழந்தைகளே, கரடி என்ன சாப்பிடும்? யார் சொல்லுவீங்க?" என்பார். மேலே நிற்கிற பிள்ளைகள் முழிப்பார்கள். கீழேயிருந்து கணீரென்று கோபிகா சொல்லுவாள்: "கரையான், எறும்பு, தேன், இலந்தைப்பழம், இலுப்பைப்பூ!" கைதட்டல் பள்ளத்தை நிரப்பும். கேள்வி கேட்டால் பதில் சொல்கிற கரடி என்று பேர் பரவி, எங்கெங்கேயோ இருந்து பள்ளிக்கூடங்கள் பஸ் பஸ்ஸாக வந்தன. ஜெபக்குமாருக்குப் பாராட்டு வந்தது. அவர் அந்தப் பாராட்டைத் தவமணியிடம் சந்தோஷமாகக் காட்டி, "உங்க பொண்ணு ரொம்ப கெட்டிம்மா" என்றுகூடச் சொன்னார். சொல்லிவிட்டுத் தான் என்ன சொன்னோம் என்று யோசித்து, மைக்கைத் துடைத்துக்கொண்டே அங்கிருந்து போய்விட்டார்.

இன்னொன்றும் உண்டு. பார்த்து முடித்த பள்ளிக்கூடங்கள் பக்கத்து மைதானத்தில் பஸ் ஏறும்போது, எந்த ஊர் டீச்சராவது விசில் ஊதி "எல்லாரும் வந்தாச்சா?" என்று கூவினால் போதும். பள்ளத்துக்குள் கோபிகா எது செய்துகொண்டிருந்தாலும் விட்டுவிட்டு நேராக நிமிர்ந்து நிற்பாள், வலது கையைப் பக்கவாட்டில் நீட்டுவாள், அங்கே இல்லாத ஒரு கையைக் காற்றில் துழாவுவாள். விரல்கள் மூடித் திறக்கும், மூடித் திறக்கும். பஸ் சத்தம் போய் மறைகிற வரைக்கும் துழாவிவிட்டுக் கையைக் கீழே போடுவாள். தவமணி மேலே சுவரில் வயிற்றை அழுத்தி, தன் கையைத் தோள் கழன்றுபோகிற அளவுக்குக் கீழே நீட்டுவாள். எட்டவில்லை. எந்த வாரமும் எட்டவில்லை.

அப்படி ஒரு வாரம் போனபோது கோபிகா அவளை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. "கண்ணு, அம்மாடா" என்று கூப்பிட்டாள். பிள்ளை குரல் வந்த திசையில் மூக்கைத் தூக்கினாள். "கரடிக்குக் கண்பார்வை மங்கல். மோப்பசக்தி கூர்மை" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில். பிறகு மோந்தாள். கோழி நாற்றமும் தவிட்டு நாற்றமும் போய்ச் சேர்ந்தன போலிருக்கிறது, முகம் ஒரு நிமிஷம் பழைய முகமானது, "அம்மா" என்றாள். அதே நேரம் அந்தக் கிழட்டுத் தாய்க்கரடியும் சுவரடிக்கு வந்து பின்கால்களில் எழுந்து நின்று, தவமணியின் சேலையிலிருந்து இறங்கிவந்த தன் குட்டியின் வாடையை இழுத்து இழுத்து மோந்து, வாயைத் திறந்து சத்தமே வராமல் கத்தியது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி. ஒருத்தி பிள்ளை இன்னொருத்தியிடம். இதைப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் போட்டோ எடுத்தது.

தவமணி அன்றைக்கே நேராகச் சம்பூரணம் டீச்சர் வீட்டுக்குப் போய் வாசலில் விழுந்தாள்.

"இன்னொருக்கா ஜூவுக்குக் கூட்டிட்டுப் போங்க டீச்சர். டீச்சரோட போனாத்தான் அந்தக் குட்டிய உள்ள உடுவாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைக வந்தாத்தான் தேன் வெக்கறதுக்குன்னு பள்ளத்துக் கதவத் தொறக்கறாங்க. தொறந்தா போதும். இதை உள்ள உட்டுட்டு அதை இழுத்துக்குவேன்."

டீச்சர் அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் ஊர் எல்லை தாண்டிக் கூட்டிப்போவதில்லை என்று சத்தியம் செய்திருந்தார். சாப்பாடு இறங்காமல் பாதியாக இளைத்தும் போயிருந்தார். குனிந்து தவமணியைத் தூக்கினார்.

"கூட்டிட்டுப் போறேன் அம்மிணி. ஆனா ஒண்ணு. எப்படிப் போறமோ அப்படியே திரும்பி வரணும். கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் எங்கழுத்துல கத்தி தொங்குது. ஜோடி மட்டும் குறையக்கூடாது. எனக்கு அது மட்டும் சத்தியம் பண்ணிக் குடு."

"குறையாதுங்க டீச்சர். ஒண்ணு குடுத்து ஒண்ணு வாங்கறது, எப்படிக் குறையும்?" என்று தவமணி அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள்.

பஸ் போயிற்று. துணைக்கு வருகிற பெற்றோர் என்று தவமணியும் ஏறினாள், அவளுக்கு ஜோடி கரடிக்குட்டி. அதற்குத் தலைக்கு எண்ணெய் வைத்து, ரிப்பன் கட்டி, அட்டை மாட்டியிருந்தாள். வழியெல்லாம் அதன் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். இத்தனை மாதம் ஒரே பாயில் படுத்தது. அதைப் பிரியப்போகிற துக்கமும் அவள் கையில் இருந்தது, பொய் சொல்வானேன். வாசலில் அதே காவலாளி, டீச்சரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், உள்ளே விட்டார்.

ஜெபக்குமார் மைக்கில் கேட்டார், பள்ளத்திலிருந்து பதில் வந்தது, ஓலக்காட்டுப்புதூர்ப் பிள்ளைகள் கைதட்டினார்கள். ரித்திகா மட்டும் தட்டவில்லை. தேன் சட்டியோடு வேலையாள் கீழே இறங்கிப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார். தவமணி கரடிக்குட்டியின் கையைப் பிடித்தபடி அவர் பின்னாலேயே படியிறங்கினாள், யாரும் தடுக்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு போகிற தாயையும் பிள்ளையையும் யார் தடுப்பார்கள்.

கதவுக்குள் கால் வைத்ததும் குட்டி கையை உருவிக்கொண்டு ஓடியது. தாய்க்கரடி குனிந்தது. குட்டி ஒரே தாவலில் முதுகில் ஏறி முகத்தை முடிக்குள் புதைத்துக்கொண்டது. அந்தக் கிழட்டு உடம்பு முழுக்க ஒருதரம் குலுங்கி அடங்கியது. தவமணி கோபிகாவின் கையைப் பற்றினாள். கையில் முடி, விரலில் வளைந்த நகம், ஆனாலும் உள்ளங்கை அதே உள்ளங்கை.

"வா கண்ணு. போலாம். ஊட்டுக்குப் போலாம்."

கோபிகா வந்தாள். கதவு வரைக்கும் வந்தாள். நிலைப்படியில் வெயில் ஒரு கோடாக விழுந்திருந்த இடத்தில் கால் நின்றுவிட்டது. இழுத்தாள் தவமணி. பிள்ளை தரையில் நகத்தை ஊன்றிக்கொண்டாள்.

"கரடி பள்ளத்தை விட்டு வெளியே வராது" என்றாள் கோபிகா.

"நீ கரடி இல்ல சாமி. நீ கோபிகா. உங்கப்பன் சென்னியப்பன். பல்லு நான் கூரையில வீசினேன், ஞாபகம் இருக்குதா? வா, எந்தங்கமல்ல, வா."

"கரடி பள்ளத்தை விட்டு வெளியே வராது. வெளியே பாதுகாப்பு இல்லை. நன்றி, குழந்தைகளே" என்றாள் கோபிகா. தூக்கிவிடலாம் என்று தவமணி அவளை இடுப்போடு அணைத்துத் தூக்கப் பார்த்தாள். பிள்ளை அவள் தூக்குகிற கனத்தில் இல்லை.

தாய்க்கரடிக்கு இந்தப் பாடமெல்லாம் யாரும் எடுக்கவில்லை. அது குட்டியை முதுகில் சுமந்தபடி, தவமணியையும் கோபிகாவையும் உரசிக்கொண்டு, திறந்த கதவு வழியே வெளியே நடந்து படியேறிப் போயிற்று. போகும்போது கோபிகாவின் தலையை ஒருதரம் நக்கியது. வேலையாள் தேன் சட்டியைப் பாறையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே பார்த்தார். ஒரு தாய், ஒரு குட்டி. பலகையில் இருந்தபடியே இருந்தது. ஆனாலும் அவர் மனுஷன், கதவில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, வர்றதா இருந்தா வாங்க. சாத்தணும்."

தவமணி திறந்திருந்த கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் படி, படிக்கு மேலே வெயில், வெயிலுக்கு அப்பால் ஊர், கூண்டு வரிசைகள், முட்டைகள், ஆறுதல் சொல்கிற பெண்கள், வாராவாரம் எட்டாத சுவர். பிறகு தன் கையில் இருந்த கையைப் பார்த்தாள்.

"சாத்திக்குங்க" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது.

பிற்பாடு நடந்ததையெல்லாம் நீங்கள் ஓலக்காட்டுப்புதூரில் விசாரித்தால் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அந்தத் தாய்க்கரடி இன்றைக்கும் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறது, கைக்குள் ஒரு முட்டை உடைந்ததில்லை என்று முதலாளிக்குப் பெருமை. பொங்கலுக்கு வந்த சென்னியப்பன் வாசலில் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தப்பு என்மேலதான், வருசக்கணக்கா வீட்டுப்பக்கம் வராம இருந்தா எல்லாம் மாறித்தான் போகும் என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். பண்ணைப் பெண்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து, தவமணி இப்போதுதான் அழுவதை நிறுத்தியிருக்கிறாள், காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடுகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். அதெல்லாம் பிறகு.

அன்றைக்குச் சாயங்காலம் மைதானத்தில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் கைகோத்து வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில், தவமணி நிற்க வேண்டிய இடத்தில், தாய்க்கரடி தன் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றது. சம்பூரணம் டீச்சர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வாய் கோணியது, கண் நிரம்பியது, தன் கையில் அடித்துத் தவமணி செய்த சத்தியம் நிறைவேறி நிற்பதைப் பார்த்துக்கொண்டே விசிலை எடுத்து ஊதினார்.

"ஜோடி?"

"ஜோடி இருக்கு, டீச்சர்!" என்று வரிசை முழுக்கக் கத்தியது. தாய்க்கரடி குட்டியின் கையைத் தூக்கிக் காட்டியது.

விசில் சத்தம் சுவர் தாண்டிப் பள்ளத்துக்குள் விழுந்தது. பாறை நிழலில் அம்மாவின் மடியில் தலைவைத்துக் கிடந்த கோபிகா, எதையோ மறந்துவிட்டவள் போல விருட்டென்று எழுந்து நேராக நின்றாள். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். காற்றில் துழாவினாள். விரல்கள் ஒருதரம் மூடின, திறந்தன, மறுபடி மூடினபோது அவற்றுக்குள் ஒரு கை இருந்தது, முட்டை பொறுக்கிப் பொறுக்கிச் சொரசொரத்துப்போன கை.

கோபிகா அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, தொண்டை கிழிய, பஸ் நின்ற திசையைப் பார்த்துக் கத்தினாள்:

"ஜோடி இருக்கு, டீச்சர்!"